சிங்குக்கு அடியில்

ஜூன் 9, திங்கள்

பேத்தி மிளிருக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் நான் ஹாலில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் சத்தமே இல்லை. ஒரு வயது தாண்டிய குழந்தை இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். நான் வாத்தியாராக இருந்த வகுப்பறையிலும் அப்படித்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பேத்தி சிங்குக்கு அடியில், திறந்த கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்து உட்கார்ந்திருந்தாள். வாயில் ஒரு டம்ளர். காலடியில் பினாயில் உருண்டு கிடந்தது. வண்டிக்காரரிடம் வாங்கி, பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தது. பார்த்தால் பால் மாதிரியே இருக்கும்.

என் மகன் நவநீதனும் மருமகள் சௌம்யாவும் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வாயை முகர்ந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். "குடிக்கல. பாட்டில் மூடியே திறக்கல போலிருக்கு. வீட்டுக்குப் போங்க, கதவைப் பூட்டுங்க" என்றார்.

திரும்பும்போது காரில் சௌம்யா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"மாமா, பாப்பா வாயில எந்த டம்ளர் இருந்துச்சு?"

"அந்த நசுங்குன டம்ளர்ம்மா."

"ஐயோ. அது மயிலாத்தாவோடது."

மயிலாத்தாள் எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். சௌம்யா ஈரத்தாளை எடுத்துக் குழந்தையின் நாக்கைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பினாயிலுக்குக் குமட்டாத குழந்தை அதற்குக் குமட்டி, காலையில் குடித்த பாலை என் வேட்டியில் கக்கியது.

ஜூன் 10, செவ்வாய்

கோபியிலிருந்து நான் இங்கே கோவைக்கு வந்ததே குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான். சௌம்யா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கோபியில் எனக்கும் தனிச் சமையல் அலுத்துவிட்டது. நேற்று நடந்ததற்கு ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சமையல் மேடைக்குக் கீழே இருப்பதெல்லாம் திறந்த தட்டுகள். சிங்குக்கு அடியில் மட்டும் ஒரு கதவு, அதுவும் தொங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கதவு போட்டுப் பூட்டுவதென்று முடிவு. "நீங்களே நின்னு பாத்துக்குங்கப்பா" என்றான் நவநீதன்.

இன்று முழுக்கத் தட்டுகளைக் காலி செய்தேன். வெல்ல டப்பாவைத் தூக்கினால் அடியோடு பிசுபிசுவென்று வருகிறது. அதன் கீழே கரப்பான் முட்டைக் கூடுகள். எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பல்லி வால் காய்ந்து ஒட்டியிருந்தது. சாப்பாட்டுச் சாமான் வைக்கிற இடம்! மத்தியானம் ரசத்தை ஊற்றிக்கொள்ளவே இல்லை.

வகுப்பில் ஒரு ரொட்டித் துண்டை நனைத்து டப்பாவில் மூடிவைத்து, நாலு நாள் கழித்துத் திறந்து காட்டுவேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு ஓடுவார்கள். "அது கெட்டுப் போகல. அது பாட்டுக்கு வளந்திருக்கு. கெட்டது நமக்குத்தான்" என்பேன்.

மயிலாத்தாள் பாத்திரம் தேய்க்க வந்தவள் நான் தரையில் உட்கார்ந்து சுரண்டுவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க சார், ரிட்டைர் ஆயி என்ற வேலைக்கே போட்டிக்கு வந்துட்டீங்களா?"

"உன்னோட வேகம் வருமாம்மா எனக்கு?"

"வேகம் கெடக்குதுங்க. மொதல்ல அந்த வேட்டிய மடிச்சுக் கட்டுங்க, கரப்பான் உள்ள போயிருமுங்க."

இந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறாள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். வாய் ஓயாது. மிளிருக்கு அவள் இடுப்பில் ஏறினால் இறங்க மனமிருக்காது.

ஜூன் 12, வியாழன்

ஜெயசீலன் என்ற பையன்தான் பி.வி.சி. கதவு போடுகிறவர். பையன் என்று நான் எழுதுகிறேன், அவருக்கே இரண்டு குழந்தைகள். கதவுக்கு வெளியே இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால்தான் திறக்கும் கொக்கி. பெரியவர்கள் கைக்குத்தான் அது அகப்படும்.

சிங்குக் கதவில் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. விளிம்பில் விரல் நுழைகிற இடைவெளி. மிளிரின் விரலை நினைத்துப் பார்த்தேன். இடைவெளியை அடைக்கிற ரப்பர் பட்டை, பீடிங் என்கிறார்கள், வாங்கிவந்து சுற்றிலும் நானே ஒட்டினேன். மூடினால் 'சப்' என்று ஒட்டிக்கொள்கிறது.

"காத்துகூடப் போகாதுங்க சார்" என்றார் ஜெயசீலன்.

"அதுதானப்பா வேணும்" என்றேன்.

ஜூன் 14, சனி

பூட்டு மட்டும் போதாது. பூட்டு ஒரு நாள் திறந்து கிடக்கும். குழந்தைக்கே அந்த இடம் வேண்டாமென்று தோன்ற வேண்டும். அடுப்பைக் காட்டி "சூ" என்று சொல்லிக்கொடுத்தால் கையை இழுத்துக்கொள்கிறது இல்லையா, அது போல.

சிங்குக் கதவைக் காட்டி "ச்சீ, கக்கா" என்றேன். முகத்தைச் சுளித்தேன். மூக்கைப் பிடித்தேன். மிளிர் சிரித்தாள். மறுபடி செய்தேன். மாலையில் நவநீதனும் சௌம்யாவும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பெரியவர்கள் ஒரு கதவின் முன்னால் உட்கார்ந்து ச்சீ, ச்சீ என்று முகத்தைக் கோணியதை யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

படுக்கப் போகும்முன் மிளிர் தானாகவே மூக்கைச் சுளித்துக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினோம்.

ஜூன் 15, ஞாயிறு

சாமான்களைத் திருப்பி அடுக்கினோம். பருப்பு வகை ஒரு தட்டு, மாவு வகை ஒரு தட்டு. சிங்குக்கு அடியில் பாத்ரூம் ஆசிட், பினாயில், எலி மருந்து, குப்பைக் கவர். மயிலாத்தாளின் டம்ளர் மட்டும் மேடையில் மிச்சமாக நின்றது.

"இது எங்கம்மா?"

"பழைய எடத்துலயே இருக்கட்டும் மாமா. இப்பத்தான் பூட்டும் இருக்கே, பாப்பா கைக்கு எட்டாது."

"ஆசிட் பக்கத்துலயா?"

"மேல் தட்டுல வெச்சிருங்க. ஆசிட் கீழதான இருக்கு?"

நவநீதன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சௌம்யா மனசு கெட்டவள் அல்ல. பொங்கலுக்கு மயிலாத்தாளுக்குத் தன் அம்மாவுக்கு எடுத்த கடையிலேயே சேலை எடுத்தாள். வேலைக்கு வைக்கும்போது எந்த ஊர், என்ன என்று விசாரித்தாளாம், அது எல்லோரும் விசாரிப்பதுதான். டம்ளர் தனியாக இருப்பது அவள் அம்மா வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தவன்.

மேல் தட்டில் வைத்தேன்.

ஜூன் 18, புதன்

மயிலாத்தாளுக்குக் கொக்கியைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பக்கமும் அழுத்தினாள். 'சப்' என்று திறந்தது.

"என்ற டம்ளருக்கு இத்தன காவலுங்களா! பேங்குல வெச்ச மாதிரி இருக்குதுங்க."

நாலு மணி டீயை நான்தான் போடுவது. எனக்கும் அவளுக்கும். அவள் டம்ளரை லேசாக அலசி சமையலறை வாசலில் தரையில் வைப்பாள், நான் உயரத் தூக்கி ஊற்றுவேன். உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை நன்றாக நிற்கும். குடித்து, கழுவி, ஈரத்தோடு உள்ளே வைத்து மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

ஜூன் 23, திங்கள்

புதுக் கீலில் துரு! எரிச்சலாக வந்தது. ஜெயசீலனைப் போனில் பிடித்தேன். "நல்ல எஸ்.எஸ். கீலுங்க சார், துருவே பிடிக்காது, எதையோ உள்ள வெச்சிருக்கீங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆசிட் பாட்டிலின் மூடி பழசு, சரியாக உட்காரவில்லை. அமிலத்தின் ஆவி எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே போய்க் கரையும். உலோகத்தை அரிக்கும். முன்பு தொங்கும் கதவு, காற்றோடு போய்விட்டது. இப்போது போக வழியில்லை. வகுப்பில் எத்தனை முறை செய்து காட்டியிருக்கிறேன்! அமில ஆவி வருகிற குடுவையின் வாயில் நீல லிட்மஸ் தாளை நனைத்துப் பிடித்தால் உடனே சிவக்கும். உலர்ந்த தாள் என்றால் நேரமாகும்.

மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்து இறுக்கினேன். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ஜூன் 25, புதன்

"டீ லேசாப் புளிக்குதுங்க சார்" என்றாள் மயிலாத்தாள். எனக்குப் புளிக்கவில்லை. பால் பாக்கெட்டை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூன் 28, சனி

மிளிர் பேசிவிட்டாள்!

மயிலாத்தாள் சிங்குக் கதவைத் திறந்து டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினாள். "வா தங்கம்" என்று ஒரு கையை நீட்டினாள். மிளிர் மூக்கைச் சுளித்து, அவள் முகத்தைப் பார்த்து, தெளிவாக, "ச்சீ" என்றாள்.

மயிலாத்தாள்தான் முதலில் சிரித்தாள்.

"கேட்டீங்களா அம்மிணி! என்னையப் பாத்து ச்சீங்குது. ஆமா கண்ணு, ச்சீதான். கக்காதான் நானு. கிட்ட வராத."

சௌம்யா சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நவநீதன் போனில் படம் எடுக்க ஓடி வந்து, "இன்னொரு தடவ சொல்லு" என்றான். நானும் சிரித்தேன்.

நீட்டிய கையை மயிலாத்தாள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையில் ஈரம் எதுவும் இல்லை.

ஜூலை 2, புதன்

மயிலாத்தாளின் உதட்டோரம் வெந்தது போல் இருக்கிறது. சாப்பிட்டால் எரிகிறதாம். வெற்றிலையை நிறுத்தச் சொன்னேன்.

"நான் வெத்தலையே போடறதில்லீங்களே சார்."

அப்படியானால் வயிற்றுப்புண் என்றேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

நாலு மணிக்கு டீ. இன்று அவளுக்கு அவசரம். டம்ளரைக் கழுவாமல் எடுத்து அப்படியே தரையில் வைத்தாள். நான் ஊற்றினேன். ஊற்றும்போதே டீ திரிந்தது. தயிர்க்கட்டி போல வெள்ளையாகத் துகள் துகளாக மேலே வந்தது, நடுவில் பழுப்புத் தண்ணீர் நின்றது. வாந்தி போல இருந்தது.

"பால் கெட்டுருச்சுங்க சார்" என்றாள்.

என் டம்ளரைப் பார்த்தேன். ஒரே பாத்திரத்து டீ. நன்றாக இருந்தது.

அவள் டம்ளரை வாங்கி, கையில்தான் வாங்கினேன், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அடியில் ஒரு திட்டு. மூக்கருகே கொண்டுபோனபோது கண் எரிந்தது.

"என்னங்க சார்?"

"பால்தாம்மா" என்றேன். "நீ போ. நாளைக்கு நல்ல பால் வாங்கறேன்."

அவள் போன பிறகு ஆசிட் பாட்டிலை பால்கனிக்குக் கொண்டுபோனேன். மூடிக்கு அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் நழுவிக் கையோடு வந்தது. டம்ளரைக் குப்பையில் போட்டேன். கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு மறுபடியும் கழுவினேன்.

ஜூலை 5, சனி

மகனிடமும் மருமகளிடமும் சொன்னேன். சௌம்யா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ பாவம். இத்தன நாளா குடிச்சிருக்காங்களா?" அவள் கண்ணில் தண்ணீர். அது நடிப்பு இல்லை.

"அவகிட்ட சொல்லி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்மா."

"கூட்டிட்டுப் போங்க மாமா. ஆனா ஆசிட்டுன்னு சொல்லாதீங்க. மூணு வீட்லயும் போய்ச் சொல்லுவாங்க. நாம வேணும்னே பண்ணுன மாதிரி ஆயிடும்."

"டாக்டருக்குத் தெரியாம எப்படி மருந்து குடுப்பாரு?"

"அப்பா, அந்தப் பீடிங்க ஒட்டுனது நீங்கதான?" என்றான் நவநீதன். கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினான், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து சௌம்யாவே ஒரு வழி சொன்னாள். மூடி போட்ட புது டம்ளர் ஒன்று. அதற்கென்று பால்கனிப் பக்கம் தனியாக ஒரு சின்னத் தட்டு, தனியாக ஒரு சின்னக் கதவு. ஆசிட்டும் கிட்டே வராது, குழந்தையும் கிட்டே வராது.

"மத்த டம்ளரோட வெச்சா என்னம்மா?"

"அவங்க நல்லவங்கதான் மாமா. எனக்குத்தான் முடியாது. அப்புறம் எந்த டம்ளர எடுத்தாலும் தண்ணி உள்ள எறங்காது. உங்களுக்கு எறங்குமா? நெஜமா சொல்லுங்க."

பாப்பா அழுகிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து உள்ளே போனேன். மிளிர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

சின்னக் கதவை மாட்டினேன். கீல் நன்றாக உட்கார்ந்தது. மயிலாத்தாள் சனிக்கிழமையிலிருந்தே வேலைக்கு வரவில்லை.

ஜூலை 9, புதன்

இன்று வந்தாள். உதடு வீங்கி, பேச்சு குழறுகிறது. மிளிரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மயிலாத்தாளைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"இது புண்ணு மட்டும் இல்லையே. வெந்திருக்கே. ஆசிட் மாதிரி எதாச்சும் வாயில பட்டுச்சா?"

"இல்லீங்களே. அதையெல்லாம் நான் எதுக்குங்க குடிக்கறேன்?"

டாக்டர் என்னைப் பார்த்தாள். "நீங்க யாரு சார்?"

"வாத்தியாருங்க" என்றாள் மயிலாத்தாள் எனக்கு முந்திக்கொண்டு. "கெமிஸ்ட்ரி வாத்தியாரு."

நான் சொன்னேன். பாத்ரூம் ஆசிட், மூடிய அலமாரி, ஈர டம்ளர். வகுப்பில் சொல்வது போல வரிசையாகத்தான் சொன்னேன். குரல்தான் வகுப்புக் குரலாக இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டாள். தொண்டைக்குக் கீழே போகவில்லை, ஆறிவிடும், காரம் வேண்டாம் என்றாள். மயிலாத்தாள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்து மருந்துக்கடை நிழலில் நின்றோம்.

"எப்பத்திலிருந்துங்க சார் தெரியும்?"

"வெள்ளிக்கிழமைதாம்மா."

வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னேன். கீல் துருப்பிடித்தது அதற்கு முன்பு. அது வெறும் கீல்தானே.

"வெள்ளிக்கெழம. இன்னிக்குப் பொதன்." விரல் விட்டு எண்ணினாள். "பாப்பா அந்த டம்ளர வாயில வெச்ச அன்னிக்கு, செருப்புக்கூடப் போடாம ஓடுனீங்களாமா. வாட்ச்மேன் சொன்னாரு."

எனக்குத் தோன்றியதைக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"புளிச்சப்பவே கீழ ஊத்தியிருக்கலாமேம்மா. எதுக்குக் குடிச்ச?"

"நீங்க உங்க கையால போட்டுக் குடுக்கறீங்க. இந்தக் கட்டடத்துல வேற யாரு போட்டுக் குடுக்கறா? ஊத்துனா மனசு சங்கடப்படுவீங்களேன்னு ஒரே மடக்கா முழுங்கிருவனுங்க."

மருந்துச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க போங்க சார், பாப்பா தேடும். நான் வாங்கிக்கறேன்" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

வேலைக்கு வந்தாள். பாத்திரம் தேய்த்தாள், வீடு துடைத்தாள். மூன்று வீட்டில் எந்த வீட்டிலும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. மிளிர் அவளைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "அப்படிச் சொல்லக்கூடாது கண்ணு" என்றேன் நான். குழந்தைக்குப் புரியவில்லை. போன மாதம் கைதட்டினவன்தானே நான்.

நாலு மணிக்குச் சின்னக் கதவைத் திறந்து, மூடி போட்ட புது டம்ளரைக் காட்டினேன். நன்றாகப் பார்த்தாள். தொடவில்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க சார். எனக்கு டீ வேண்டாம். ஊட்லயே குடிச்சுட்டு வந்துர்றேன்."

"வாய் ஆறுன பொறகு?"

"ஆறுன பொறகும்."

பால்கனிக் குழாயில் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனாள்.

ஜூலை 11, வெள்ளி

சௌம்யாவிடம் சொன்னேன். "அவங்களே வேண்டாம்னுட்டாங்களா?" என்றாள். முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. "நல்லதாப் போச்சு மாமா. இனிமே ஒரு பிரச்சினையும் இல்ல." புது டம்ளரைக் கழுவி நம் டம்ளர்களோடு அடுக்கிவிட்டாள். இன்னும் யாரும் வாய் வைக்காத டம்ளர்தானே.

சின்னத் தட்டில் மிளிரின் டயப்பர் பாக்கெட்டுகள் சரியாக அடங்குகின்றன.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டில் எல்லாக் கதவும் சரியாக மூடுகிறது. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். மிளிர் எங்கே போனாலும் பயமில்லை.

மாலையில் டீ போட்டேன். எனக்கு மட்டும். ஊற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். வாயருகே கொண்டுபோனதும் குமட்டிக்கொண்டு வந்தது. திரும்பவும் முயன்றேன். முடியவில்லை. எழுந்து போய் சிங்கில் கொட்டினேன்.

பால் நன்றாகத்தான் இருந்தது.